தவளையைக் கண்டுபிடித்தால் பாஸ்!



சாலமாங்கா! இந்தப் பெயரைக் கேட்டதும் ஏதோ புது ரக மாங்காய் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஸ்பெயின் நாட்டில், தோர்மேஸ் என்ற ஆற்றங்கரையில் இருக்கும் ஓர் ஊர். அங்குள்ள பழைய கட்டடங்கள் மஞ்சள் நிற மணற்கல்லால் கட்டப்பட்டவை. மாலை வெயில் பட்டால் ஊரே பொன்னாக மின்னும்.

அந்த ஊருக்குப் பெருமையே அங்குள்ள பல்கலைக்கழகம்தான். 1218ஆம் ஆண்டு ஒன்பதாம் அல்போன்சோ என்ற மன்னர் அதைத் தொடங்கிவைத்தார். ஸ்பெயினில் இன்றும் நடந்துவரும் பல்கலைக்கழகங்களில் அதுதான் மிகப் பழையது. 2018இல் தன் 800ஆவது பிறந்தநாளைக் கொண்டாடியது. அப்பப்பா, எவ்வளவு பெரிய தாத்தா!

ஆண்டுதோறும் பல நாட்டுப் பிள்ளைகள் ஸ்பானிய மொழியில் பேசவும் படிக்கவும் இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு என்னென்ன அனுபவங்கள் கிடைக்கும்? அதைத் தெரிந்துகொள்ள நாமும் ஒருவருடன் போய்ப் பார்ப்போம். அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் படிக்கும் 20 வயது அக்கா ஒருவர், ஓராண்டு படிக்க சாலமாங்காவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'டப்ளின் அக்கா' என்றே அவரைக் கூப்பிடலாம். அவர் நம் கற்பனை அக்கா. ஆனால் அவருக்கு நேரப்போவது எல்லாம் இப்படிப் படிக்கப் போகிறவர்களுக்கு வழக்கமாக நேர்வதுதான்.

அங்கே படித்தால் இங்கே செல்லுமா?

ஒரு நாட்டில் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் வேறு நாட்டுக்குப் போய்ப் படித்தால், அந்தப் படிப்பைச் சொந்தக் கல்லூரி ஏற்றுக்கொள்ளுமா? நல்ல கேள்வி. ஒரு காலத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை!

இத்தாலியைச் சேர்ந்த சோஃபியா கொர்ராதி என்ற மாணவி, 1957இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தார். பட்டத்தோடு ஊர் திரும்பியவரிடம், "இந்தப் படிப்பு இங்கே கணக்கில் வராது" என்று கூறிவிட்டார்கள். எல்லார் முன்னிலையிலும் அவமானப்பட்டார் அவர். வேறொருவராக இருந்தால் அழுதுவிட்டு அதோடு விட்டிருப்பார். சோஃபியா விடவில்லை. "எனக்கு நேர்ந்தது இனி எந்த மாணவருக்கும் நேரக்கூடாது" என்று ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியில், 1987இல் 'எராஸ்மஸ்' என்ற திட்டம் ஐரோப்பாவில் பிறந்தது. இதில் சேர்ந்து ஒரு நாட்டு மாணவர் இன்னொரு நாட்டில் படித்தால், அந்தப் படிப்பு அவருடைய சொந்தக் கல்லூரியிலும் கணக்கில் சேரும். முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றார்கள். பிறகு பல லட்சம் பேர் போய்வந்துவிட்டார்கள். கொர்ராதி அம்மையாரை 'மம்மா எராஸ்மஸ்' என்று மாணவர்கள் அன்போடு அழைத்தார்கள். நம் டப்ளின் அக்கா நிம்மதியாகப் பெட்டி கட்டுவதும் அவர் போட்ட பாதையால்தான்.

இருபது வயது, பேச்சு மட்டும் நாலு வயது!

டப்ளினில் ஸ்பானியப் பாடத்தில் அக்கா நல்ல மதிப்பெண் வாங்குபவர். இலக்கணம் தலைகீழ்ப் பாடம். மாட்ரிட் வரை விமானம். அங்கிருந்து இரண்டரை மணி நேரம் பேருந்து. சாலமாங்கா வந்து இறங்கியாயிற்று.

ஒரு பெரியவரிடம் வழி கேட்கிறார். கேள்வி சரியாகத்தான் வந்தது. ஆனால் பதில்? மழை கொட்டுவதுபோல் சடசடவென்று கொட்டுகிறது! எந்தச் சொல் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது, ஒன்றும் பிடிபடவில்லை. பாடப்புத்தகத்தோடு வரும் ஒலிப்பதிவில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். தெருவில் யார் அப்படிப் பேசுவார்கள்? நாமே 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்று எழுதிவிட்டு, 'என்ன பண்ணிட்டிருக்கே' என்றுதானே பேசுகிறோம்!

முதல் சில வாரங்கள் மிகவும் கஷ்டம். ஊரில் இருக்கும்போது அக்கா பெரிய வாயாடி. கேலி, கிண்டல், கதை எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. இங்கே "எனக்குத் தண்ணீர் வேண்டும்", "நான் நாளை வருவேன்" என்று நாலு வயதுக் குழந்தைபோல் பேச வேண்டியிருக்கிறது. எல்லாரும் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. தன்னை மக்கு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. இரவில் அம்மாவுக்கு ஃபோன் செய்தால் குரல் கம்முகிறது.

அப்போது ஓர் எளிய வழி எதிரே வந்து நிற்கும். அயர்லாந்திலிருந்து வந்த மற்ற மாணவர்கள் சேர்ந்து ஊர் சுற்றுவார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டால் ஆண்டு முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசிப் பொழுதை ஓட்டிவிடலாம். பயமில்லை, கூச்சமில்லை. ஆனால் மொழியும் வராது! இப்படி வெளிநாடு போயும் கூண்டுக்குள் இருந்துவிட்டு வருபவர்களும் உண்டு. டப்ளின் அக்கா யோசித்தார். ஸ்பானியப் பாட்டி ஒருவரின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினார்.

சோப்பு கேட்டால் சூப்பு!

குளிக்க சோப்பு வேண்டும். கடைக்குப் போன அக்கா, ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் இழுத்து "ஸோப்பா" என்று கேட்கிறார். கடைக்காரர் எடுத்துக் காட்டியது சூப் பாக்கெட்! ஸ்பானிய மொழியில் 'ஸோப்பா' என்றால் சூப். சோப்புக்கு 'ஹபோன்' என்று பெயர்.

இப்படிப் பார்க்க ஒன்றுபோல் இருந்து காலை வாரிவிடும் சொற்கள் நிறைய உண்டு. 'ரோப்பா' என்பது கயிறு அல்ல, துணிமணி. 'கார்ப்பெத்தா' என்பது தரைவிரிப்பு அல்ல, காகிதம் வைக்கும் கோப்பு. 'எக்ஸிதோ' என்பது வெளியே போகும் வழி அல்ல, வெற்றி!

ஒரு நாள் வீட்டுப் பாட்டி, "நான் கொன்ஸ்திபாதா" என்கிறார். ஆங்கிலத்தில் அதுபோல ஒலிக்கும் சொல்லுக்கு மலச்சிக்கல் என்று பொருள். 'பாவம், வாழைப்பழம் வாங்கித் தரலாமா?' என்று அக்கா யோசிப்பதற்குள், பாட்டி கைக்குட்டையை எடுத்து "ஹச்!" என்று தும்முகிறார். அவருக்கு ஜலதோஷம். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்!

இன்னொரு வேடிக்கை. 'இருக்கிறேன்' என்று சொல்ல ஸ்பானிய மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. ஒருவரின் இயல்பைச் சொல்ல 'சோய்'. அப்போதைய நிலையைச் சொல்ல 'எஸ்தோய்'. "எஸ்தோய் லிஸ்தா" என்றால் 'நான் தயார்'. "சோய் லிஸ்தா" என்றால் 'நான் கெட்டிக்காரி'. தோழிகள் வெளியே போகக் கூப்பிடும்போது அக்கா "நான் கெட்டிக்காரி! நான் கெட்டிக்காரி!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தால் எப்படி இருக்கும்? தோழிகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து அந்தச் சொல் அவருக்கு மறக்கவே இல்லை.

நமக்கு எளிது!

டப்ளின் அக்கா திணறும் சில இடங்களில் நீங்கள் சுலபமாகத் தாண்டிவிடுவீர்கள். எப்படி என்று கேட்கிறீர்களா?

ஸ்பானிய எழுத்துகளில் ஒன்றுக்குத் தலையில் அலைபோன்ற கோடு இருக்கும். அதன் ஒலி என்ன தெரியுமா? நம் 'ஞ'தான்! 'நாளை' என்பதற்கு அவர்கள் சொல் 'மஞ்ஞானா'. ஞாயிறு, ஞாபகம் என்று தினமும் சொல்லும் உங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

அடுத்தது, நமக்கு 'ர', 'ற' இருப்பதுபோல அவர்களுக்கும் மெல்லிய ர, உருட்டிச் சொல்லும் ர என்று இரண்டு உண்டு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய்! கவனமில்லாமல் பேசினால் வாக்கியத்துக்கு நடுவில் நாய் புகுந்துவிடும்.

மூன்றாவது, 'நீ'யும் 'நீங்க'ளும். ஆங்கிலத்தில் பாப்பாவுக்கும் தாத்தாவுக்கும் ஒரே சொல்தான். ஸ்பானியத்தில் நம்மைப் போலவே 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். யாரை எப்போது எப்படி அழைப்பது என்பது அக்காவுக்குப் பெரிய குழப்பம். வீட்டுப் பாட்டியை மரியாதையாக 'உஸ்தேத்' என்றே கூப்பிட்டுவந்தார். ஒரு நாள் பாட்டியே, "என்னை 'தூ' என்றே கூப்பிடம்மா" என்றார். அக்காவுக்கு அன்று ஒரே மகிழ்ச்சி. இனி அவர் விருந்தாளி அல்ல, வீட்டுப் பிள்ளை என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிட்டதே!

கேள்விக்குறி விஷயமும் சுவையானது. ஸ்பானியத்தில் கேள்வி வாக்கியத்தின் முடிவில் மட்டுமல்ல, தொடக்கத்திலும் ஒரு கேள்விக்குறி போடுவார்கள், தலைகீழாக! சாதாரண வாக்கியமும் கேள்வியும் பல நேரம் ஒரே சொல் வரிசையில் இருக்கும். 'இது கேள்வி, குரலை மாற்றிப் படி' என்று முன்கூட்டியே சொல்லத்தான் இந்த ஏற்பாடு. ஸ்பானிய மொழிக் கழகம் 1754இல் இதைப் பரிந்துரைத்தது.

மேசையில் கற்ற பாடம்

டப்ளினில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இரவு உணவு முடித்துப் பழகியவர் அக்கா. சாலமாங்காவில் மதியச் சாப்பாடே இரண்டரை மணிக்கு. இரவு உணவு ஒன்பதரைக்கு! முதல் வாரம் வயிற்றில் எலி ஓடியது.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. ஸ்பெயின் 1940இல் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. பிறகு பழைய நேரத்துக்குத் திரும்பவே இல்லை. அதனால் கோடைக்காலத்தில் சாலமாங்காவில் கடிகாரம் இரண்டு மணியைத் தாண்டிய பிறகுதான் சூரியன் உச்சிக்கு வரும். வயிறு கடிகாரத்தைப் பார்க்காமல் சூரியனைப் பார்க்கிறது!

மதியம்தான் பெரிய சாப்பாடு. பருப்புக் குழம்பு, ரொட்டி, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் செய்யும் 'தோர்த்தியா' என்று பலவும் இருக்கும். இதே 'தோர்த்தியா'வை மெக்சிகோவில் கேட்டால் சோளமாவில் சுட்ட சப்பாத்தி போன்ற ஒன்று வரும். மொழி ஒன்று, தட்டில் விழுவது வேறு!

சாப்பிட்டு முடித்ததும் யாரும் எழுந்து ஓட மாட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடியே நெடுநேரம் பேசுவார்கள். இந்தப் பேச்சுக்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'சோப்ரெமேசா'. இதில் 'மேசா' என்பது நம் மேசையேதான்! போர்ச்சுகீசியர்கள் நம் நாட்டுக்கு வந்தபோது விட்டுச்சென்ற சொல் 'மேசை'. ஸ்பானியம் போர்ச்சுகீசியத்துக்கு உடன்பிறந்த மொழி. நம் சாவி, அலமாரி இரண்டும்கூட அப்படி வந்தவைதான். ஸ்பானியர்கள் சாவியை 'யாவே' என்றும், அலமாரியை 'அர்மாரியோ' என்றும் சொல்வார்கள்.

டப்ளின் அக்கா உண்மையில் ஸ்பானியம் கற்றது இந்த மேசையில்தான். பாட்டி பேசுவார், அக்கா பாதி புரிந்து தலையாட்டுவார். தப்பாகச் சொன்னால் பாட்டி சரியான சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொல்வார். திட்டுவது இல்லை, மதிப்பெண் குறைப்பது இல்லை. தினமும் ஒரு மணி நேரம் இப்படிப் போனால் மொழி வராமல் என்ன செய்யும்?

பெயரில் அம்மாவும் உண்டு

பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது அக்காவுக்கு ஒரு சிக்கல். குடும்பப் பெயர் எழுத இரண்டு கட்டங்கள் இருந்தன. அவருக்கோ ஒரே குடும்பப் பெயர்! ஸ்பெயினில் எல்லாருக்கும் இரண்டு உண்டு: ஒன்று அப்பாவுடையது, மற்றொன்று அம்மாவுடையது. திருமணம் ஆனாலும் பெண்கள் தம் பெயரை மாற்றுவதில்லை. புகழ்பெற்ற ஓவியர் பாப்லோ ருயிஸ் பிகாசோவை எடுத்துக்கொள்ளுங்கள். 'ருயிஸ்' அப்பா வழி, 'பிகாசோ' அம்மா வழி. உலகம் அவரை அம்மாவின் பெயராலேயே அறிந்திருக்கிறது!

வகுப்பறையும் தவளையும்

சாலமாங்காவில் ஒரு பழைய வகுப்பறையை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மரத்துண்டுகளை வெட்டிப் போட்டதுபோல் கரடுமுரடான பெஞ்சுகள். அங்கே 16ஆம் நூற்றாண்டில் பாடம் நடத்தியவர் லூயிஸ் தே லெயோன் என்ற துறவி. பைபிளின் ஒரு பகுதியை மக்கள் பேசும் ஸ்பானிய மொழியில் பெயர்த்தார் என்பது அவர் மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்று! 1572இல் சிறையில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து விடுதலையாகி வகுப்புக்கு வந்தவர், யாரையும் திட்டவில்லையாம். "நேற்று நாம் பேசிக்கொண்டிருந்ததுபோல..." என்று பாடத்தைத் தொடங்கினார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். தேர்வில் தோற்றாலும் பேச்சில் தடுமாறினாலும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று மாணவர்களுக்கு இந்தக் கதை சொல்கிறது.

அங்கே மதிப்பெண் பத்துக்குத்தான். ஐந்து வாங்கினால் பாஸ். ஒன்பதுக்கு மேல் வாங்கினால் மிகச் சிறப்பு.

பாஸாக ஒரு குறுக்கு வழியும் உண்டு என்பார்கள்! பல்கலைக்கழகத்தின் பழைய முகப்புச் சுவர் முழுவதும் மன்னர்கள், பூக்கள், விலங்குகள் என்று நுணுக்கமான சிற்பங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு மண்டை ஓட்டின் மேல் சின்னஞ்சிறு தவளை உட்கார்ந்திருக்கிறது. யாரும் சொல்லித் தராமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் வெற்றி பெறுவார் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதனால் எப்போது பார்த்தாலும் நாலு பேர் கழுத்தைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பார்கள். அருகிலுள்ள புதிய பேராலயத்தின் வாசலில் ஒரு விண்வெளி வீரர்கூட இருக்கிறார்! பழைய கட்டடத்தில் விண்வெளி வீரர் எப்படி? 1992இல் வாசலைப் பழுதுபார்த்தபோது சிற்பிகள் சேர்த்த குறும்பு அது.

டிசம்பர் நடுவிலேயே புத்தாண்டு

ஸ்பெயினில் டிசம்பர் 31 நள்ளிரவு மணி 12 முறை அடிக்கும்போது, ஒவ்வோர் அடிக்கும் ஒன்றாகப் 12 திராட்சைப் பழங்களைச் சாப்பிடுவார்கள். ஆனால் அந்த நேரம் மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடுவார்களே! நண்பர்களோடு கொண்டாட முடியாதே! அதற்கும் வழி கண்டார்கள் சாலமாங்கா மாணவர்கள். டிசம்பர் நடுவிலேயே ஓர் இரவு, ஊர் நடுவில் உள்ள 'பிளாசா மயோர்' சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் கூடிவிடுவார்கள். திராட்சைக்குப் பதில் 12 மிட்டாய்கள்! டப்ளின் அக்காவும் கூட்டத்தில் நின்று மிட்டாய் மென்றார். பக்கத்தில் நின்றவர் ஏதோ ஜோக் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். ஒரு நொடி கழித்துத்தான் அவருக்கு உறைத்தது: யாரும் விளக்காமலே தனக்கு அந்த ஜோக் புரிந்துவிட்டது!

தவளையை மட்டும் பார்க்காதீர்கள்

இந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த எழுத்தாளர் மிகுவேல் தே உனாமுனோ, தவளையைப் பற்றி நல்ல கருத்து ஒன்றைச் சொல்லியிருக்கிறார். மக்கள் தவளையைப் பார்ப்பதில் தவறில்லை. தவளையை மட்டுமே பார்த்துவிட்டுப் போவதுதான் குறை என்பது அதன் பொருள். ஒரு நாள் சுற்றுலா வருபவர் தவளையோடு புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஓராண்டு தங்கி, தப்புத் தப்பாகப் பேசி, வெட்கப்பட்டு, மறுபடி பேசிய டப்ளின் அக்காவுக்குத்தான் பாட்டியின் கதைகளும் தோழிகளின் கேலியும் கிடைத்தன.

குழந்தைகளே, வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இன்று தப்பாகச் சொன்ன பிள்ளை நாளை சரியாகச் சொல்லும். வாயே திறக்காத பிள்ளைக்கு உதவுவதுதான் கடினம். ஆங்கிலமோ இந்தியோ ஸ்பானியமோ, எந்த மொழியானாலும் கூசாமல் பேசிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. வேலை தேடி வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பில் சேர்ந்திருக்கலாம். தமிழ் தெரியாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். அவன் மக்கு அல்ல. அவன் ஊரில் அவனும் வாயாடியாக இருந்திருப்பான். அவன் தப்பாகப் பேசினால் கேலி செய்யாமல், சரியான சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள். சாலமாங்கா பாட்டி செய்தது அதைத்தானே?

சொல்லிப் பாருங்கள்!

ஓலா – வணக்கம்
கிராத்தியாஸ் – நன்றி (தென் அமெரிக்காவில் 'கிராசியாஸ்')
போர் ஃபவோர் – தயவுசெய்து
அகுவா – தண்ணீர்
எஸ்குவேலா – பள்ளிக்கூடம்
அமீகோ – நண்பன். அமீகா – தோழி
அஸ்தா மஞ்ஞானா – நாளை பார்ப்போம்!